வேர்ப்புழுவைக் கொல்லும் நூற்புழு உயிரோடு கிடைக்க வழி செய்யுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கரும்பிலும் நிலக்கடலையிலும் வேர்ப்புழு, அதாவது மண்ணுக்குள் இருந்து வேரைத் தின்னும் வண்டுப்புழு, விழுந்த வயல்களைப் பற்றி வருடா வருடம் உங்கள் விவசாயப் பக்கத்தில் செய்தி வருகிறது. காய்ந்த தூரைப் பிடித்து இழுத்தால் வேரே இல்லாமல் கையோடு வந்துவிடுகிற படமும் கூடவே இருக்கும். கீழே கட்டுப்படுத்தும் முறைகள் என்று கோடை உழவு, விளக்குப்பொறி, அப்புறம் ஏதாவது ஒரு மருந்து. எல்லாம் முடிந்த பிறகு கடைசியில் 'பூச்சிகளைத் தாக்கும் நூற்புழுக்களையும் பயன்படுத்தலாம்' என்று ஒரு வரி. அந்த வரியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அதை நம்பிக் கடைக்குப் போகிற விவசாயி காசு கொடுத்து வாங்கி வருவது, எங்கள் பக்கத்தில் நான் பார்த்தவரை, பல நேரம் செத்துப்போன நூற்புழு.

நான் சத்தியமங்கலம் வட்டாரத்தில் கரும்பு வைத்திருக்கிறேன். இங்கே நூற்புழு என்று சொன்னாலே ஆட்கள் முகம் சுளிப்பார்கள். தக்காளி, வாழை, மஞ்சள் வேரில் முடிச்சு முடிச்சாக வருமே, அந்த வேர்முடிச்சு நூற்புழுதான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். அதைக் காசு கொடுத்து வாங்கி வயலில் விடச் சொல்கிறாயா என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். நான் சொல்வது வேறு இனம். இது செடியைத் தொடாது, வேரில் துளை போடாது, இதற்கு வேண்டியது பூச்சியின் உடம்பு மட்டும்தான். மண்புழுவுக்கு இதனால் கேடில்லை, மாட்டுக்கும் மனுசனுக்கும் கேடில்லை. அமெரிக்காவில் இதை ரசாயன மருந்துக்கான பதிவு நடைமுறையிலிருந்தே விலக்கி வைத்திருக்கிறார்கள்.

இது எப்படிக் கொல்கிறது என்று தெரிந்துகொண்டால்தான் ஏன் பல இடங்களில் பலிக்காமல் போகிறது என்பதும் புரியும், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான நீளம், வெறும் கண்ணுக்குத் தெரியாது என்றே வைத்துக்கொள்ளலாம். மண்ணில் ஈரத்தோடு ஈரமாக நகர்ந்து, புழுவின் மூச்சும் வாடையும் வருகிற திசையைப் பார்த்துப் போகும். வாய், மலவாய், பக்கவாட்டில் இருக்கும் மூச்சுத்துளை, எது கிடைத்தாலும் அதன் வழியாக உள்ளே நுழையும். ஹெட்டரோராப்டிடிஸ் என்ற வகைக்கு முன்புறம் ஒரு பல் உண்டு, தோல் மெலிந்த இடத்தில் அதை வைத்துக் கிழித்துக்கொண்டே நுழைந்துவிடும். ஆனால் புழுவைக் கொல்வதில் பெரும் பங்கு நூற்புழுவின் குடலில் கூடவே வருகிற ஒரு பாக்டீரியாவுக்கு. உள்ளே போனதும் நூற்புழு அந்த பாக்டீரியாவைப் புழுவின் ரத்தத்தில் விட்டுவிடும். ஒரு நாளிலிருந்து இரண்டு நாளுக்குள் புழு சாகும். செத்த புழு அழுகி நாறாது, ஏனென்றால் அந்த பாக்டீரியாவே மற்ற கிருமிகளை அண்டவிடாத பொருட்களைச் சுரக்கிறது. உடம்பு செங்கல் நிறத்துக்கு மாறிவிடும். அதற்குள்ளேயே நூற்புழு இரண்டு மூன்று தலைமுறை பெருகி, தீனி தீர்ந்ததும் தோலை விட்டு லட்சக்கணக்கில் வெளியே வந்து அடுத்த புழுவைத் தேடும். வேர்ப்புழு மண்ணுக்குள் மறைந்திருந்து தின்கிறது, மேலே தெளிக்கிற மருந்து அங்கே போய்ச் சேராது. நூற்புழு தானாகவே தேடிப் போகிறது.

இந்த ஹெட்டரோராப்டிடிஸ் வகையில் வெப்பத்தைத் தாங்குகிற ஓர் இனத்துக்கு இண்டிகா என்று பெயர். அது முதன்முதலில் உலகத்துக்குத் தெரிய வந்தது நம் கோயம்புத்தூர் மண்ணிலிருந்துதான். 1992ல் அமெரிக்க நூற்புழு ஆய்வாளர் ஜார்ஜ் போய்னார், கருணாகர், டேவிட் ஆகியோரோடு சேர்ந்து அதைப் புதிய இனமாக விவரித்து வெளியிட்டார். பிறகு கியூபா, கென்யா, எகிப்து என்று வெப்ப நாடுகள் பலவற்றிலும் அதே இனம் கண்டெடுக்கப்பட்டது. கோவையில் 1912லிருந்து கரும்பு இனப்பெருக்க நிறுவனம் இருக்கிறது, வேளாண் பல்கலைக்கழகத்தில் நூற்புழுவுக்கென்றே தனித்துறை இருக்கிறது. பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம் இதைத் தூள் வடிவில் தயாரிக்கும் முறையைக் கண்டுபிடித்துக் கம்பெனிகளுக்கு உரிமமும் கொடுத்திருக்கிறது. இத்தனையும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், கோவையிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரத்தில் போகிற ஊரில் இருக்கும் விவசாயி இந்தப் பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை என்றால் எனக்கு மனசு ஆறவில்லை.

இப்படிக் கைவிடப்படுவது இதற்குப் புதிதும் இல்லை. 1929ல் அமெரிக்காவின் நியூஜெர்சியில் ஜப்பான் வண்டின் புழுவில், அதுவும் ஒரு வேர்ப்புழுதான், கிளேசர் என்ற ஆய்வாளர் இப்படிப்பட்ட நூற்புழு ஒன்றைக் கண்டார். 1930களில் அதை ஆய்வகத்தில் வளர்த்து வயல்களிலும் புல்வெளிகளிலும் விட்டுப் பார்த்தார்கள். கூட வருகிற பாக்டீரியாவின் பங்கு அப்போது தெரியாது, அதனாலேயே ஆய்வகத்தில் வளர்த்ததில் வீரியம் குறைந்தது. அதைச் சரிசெய்ய நேரம் கொடுப்பதற்குள் டிடிடி என்ற பூச்சிமருந்து வந்தது, வேலை அப்படியே மூலைக்குப் போயிற்று. பல பத்தாண்டுகள் கழித்துத்தான் திரும்ப எடுத்தார்கள். இன்று ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் பெரிய தொட்டிகளில் திரவ ஊடகத்தில் வளர்த்து, குளிரூட்டிய பெட்டியில் வைத்து விவசாயி கைக்கே கொண்டு சேர்க்கிறார்கள். அங்கே சின்னத் தோட்டம் வைத்திருக்கிறவர்கூடத் தபாலில் வரவழைத்துத் தொட்டிச் செடிக்கு ஊற்றுகிறார்.

நம்மிடம் வேர்ப்புழுவுக்கு நெடுங்காலம் போட்டது ஃபோரேட் என்ற பூச்சிமருந்துக் குருணை. மூக்கைத் துளைக்கும் அந்த நாற்றம் எங்கள் தலைமுறைக்கு நன்றாகத் தெரியும், வெறுங்கையால் அள்ளி வீசியவர்களையும் தெரியும். 2020 டிசம்பர் 31லிருந்து மத்திய அரசு அதைத் தடை செய்துவிட்டது. தடை செய்தது முழுக்கச் சரி. ஆனால் அந்த இடத்தில் எதை வைப்பது என்று யாரும் வயலுக்கு வந்து சொல்லவில்லை. அதனால் கடைக்காரர் எதை எடுத்துக் கொடுக்கிறாரோ அதுதான் மருந்து என்றாகிவிட்டது. நூற்புழு நுழைய வேண்டிய நேரம் அதுதான்.

சரி, பாக்கெட் விஷயத்துக்கு வருகிறேன். இது உப்பு மாதிரி மூட்டையில் கிடக்கிற சரக்கு இல்லை, உயிருள்ளது. எங்கள் பக்கத்தில் ஒரு கடையில் வாங்கிய பாக்கெட் தகரக் கூரைக்குக் கீழே, ஏப்ரல் மே வெயிலில், உர மூட்டைகளுக்கு நடுவே கிடந்தது. தயாரித்த தேதி அழிந்து போயிருந்தது. பிரித்துத் தண்ணீரில் கரைத்து வேளாண் கல்லூரியில் படிக்கிற சொந்தக்காரப் பையனிடம் கொடுத்து உருப்பெருக்கியில் பார்க்கச் சொன்னேன், எல்லாம் ஊசி ஊசியாக நேராகக் கிடந்தன. உயிருள்ள இண்டிகா நெளிந்துகொண்டே இருக்கும், செத்ததுதான் அப்படி விறைத்துக் கிடக்கும். வெயிலில் சாகிறது என்று சொல்லிச் சில கடைகளில் ஐஸ் பெட்டியில் வைக்கிறார்கள், அதுவும் தப்பு. குளிர்நாட்டு நூற்புழுவுக்கு நாலைந்து டிகிரி குளிர் ஒத்துக்கொள்ளும். நம்ம ஊர் இண்டிகா வெப்பமண்டலத்து இனம், அந்தக் குளிரில் வெகுநாள் தாங்காது. பதினைந்து டிகிரியை ஒட்டி வைத்தால் நல்லது. இதை விற்கிறவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, வாங்குகிறவருக்கும் தெரியாது. போட்டோம், ஒன்றும் நடக்கவில்லை, இயற்கை முறை எல்லாம் ஏமாற்று என்று சொல்லிவிட்டு மறுவருடம் ரசாயனத்துக்கே போய்விடுகிறார்கள். ஒரு நல்ல விஷயத்தின் பெயர் இப்படித்தான் கெட்டுப்போகிறது.

வாங்கியது உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஆய்வகம் வேண்டியதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், வாசகர்களுக்கு உபயோகப்படும். ஒரு சின்ன டப்பாவில் ஈர மண்ணைப் போட்டு, அதில் பாக்கெட்டிலிருந்து ஒரு சிட்டிகையைக் கரைத்து ஊற்றி, நாலைந்து புழுக்களை உள்ளே விட்டுக் காற்றுப் போகிற மாதிரி மூடி நிழலில் வையுங்கள். தேன் பெட்டியில் வரும் மெழுகுப்புழு இருந்தால் மிகவும் நல்லது. அது கிடைக்காவிட்டால் பழைய அரிசியிலோ கம்பிலோ நூலாம்படை கட்டி உள்ளே இருக்குமே அந்த அந்துப்பூச்சிப் புழு போதும். மூன்று நாளில் புழு செத்துச் செங்கல் நிறமாகிவிட்டால் சரக்கு நல்ல சரக்கு. புழு நன்றாக ஓடிக்கொண்டிருந்தால் பாக்கெட்டைக் கடையில் திருப்பிக் கொடுங்கள்.

நான் முக்கியமாகக் கேட்க வந்தது இனிமேல்தான். நூற்புழுவைத் தூரத்திலிருந்து பாக்கெட்டில் கொண்டு வருவதைவிட, வேண்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே வளர்த்துக் கொடுப்பதுதான் நம் வெயிலுக்குப் பொருத்தம். அதற்குப் புதிதாகக் கட்டடமும் தேவையில்லை. நம் மாநிலத்தில் பல சர்க்கரை ஆலைகளில் ஒட்டுண்ணி ஆய்வகம் இருக்கிறது. கரும்புத் தண்டைத் துளைக்கும் இடைக்கணுப் புழுவுக்காக டிரைக்கோகிரம்மா முட்டை ஒட்டுண்ணி அட்டை, அதாவது பூச்சி முட்டையை அழிக்கும் சின்னக் குளவி உள்ள அட்டை, அங்கிருந்துதான் வருகிறது, கரும்பு வைத்திருக்கிற எல்லோரும் அதைக் கரும்பு இலையில் குத்திவிட்டிருப்பார்கள். அந்த ஒட்டுண்ணியை வளர்க்க அவர்கள் வைத்திருப்பது அதே அரிசி அந்துப்பூச்சியின் முட்டைகள்தான். உடைத்த கம்பிலும் கடலைப் பொடியிலும் தட்டுத் தட்டாக அந்தப் புழுவை வளர்க்கிறார்கள். நூற்புழு அந்தப் புழுவிலும் பெருகும்! அதாவது தீனி, தட்டு, ஆள், அறை எல்லாம் ஏற்கெனவே இருக்கிறது. கூடுதலாக வேண்டியது ஒரு தனி அறை, சில கண்ணாடித் தட்டுகள், ஓர் உருப்பெருக்கி, கோவையிலிருந்து கொஞ்சம் தாய் நூற்புழு, அங்கே வேலை செய்கிறவர்களுக்கு ஒரு வாரப் பயிற்சி. அறையை மட்டும் கட்டாயம் தனியாக வைக்க வேண்டும், நூற்புழு ஒட்டுண்ணி ஆய்வகத் தட்டுகளுக்குள் போய்விட்டால் அந்த வேலை கெட்டுவிடும்.

முறையும் எளிதுதான். புழுவுக்கு நூற்புழு ஏற்றி, அது செத்துச் சிவந்ததும் சின்னத் தட்டில் ஈரத் தாள் மேல் வைத்து, அந்தத் தட்டைத் தண்ணீர் உள்ள பெரிய தட்டுக்குள் வைத்துவிட வேண்டும். சில நாள் கழித்து நூற்புழுக்கள் தாமாகவே தண்ணீரில் இறங்கும். 1927ல் ஒயிட் என்பவர் எழுதி வைத்த முறை, இன்றைக்கும் உலகம் முழுக்க இதைத்தான் செய்கிறார்கள். அரிசி அந்துப்பூச்சியின் புழு சிறியது, அதில் விளைச்சல் குறைவு. மெழுகுப்புழு பெரியது, ஒரு புழுவிலிருந்தே லட்சத்துக்கு மேல் வரும், இரண்டு மூன்று லட்சம்கூட வரும். அதை மக்காச்சோள மாவு, கோதுமைத் தவிடு, பால் பவுடர், தேன் கலந்த தீனியில் வளர்க்கலாம். தேனீ வளர்ப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: மெழுகுப்புழு வளர்க்கிற இடம் உங்கள் பெட்டிகளுக்கு வெகு தூரத்தில் இருக்கட்டும், அது அடையைத் தின்று தீர்த்துவிடும்.

கணக்கையும் பார்த்துவிடலாம். உலகம் முழுக்கச் சொல்லப்படுகிற அளவு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 25 நூற்புழு, ஏக்கருக்கு ஏறக்குறைய 100 கோடி. கேட்க மலைப்பாக இருக்கும். ஒரு மெழுகுப்புழுவுக்கு இரண்டு லட்சம் என்று வைத்தால் ஏக்கருக்கு 5,000 புழு. வயல் முழுக்கத் தெளிக்காமல் தூரைச் சுற்றி மட்டும் ஊற்றினால் இன்னும் குறையும். இடுக்கி மலையில் ஏலத் தோட்டக்காரர்கள் தண்ணீரில் பிரித்து எடுக்கிற வேலையைக்கூட வைத்துக்கொள்வதில்லை, நூற்புழு ஏறிச் செத்த மெழுகுப்புழுவையே செடிக்கு இத்தனை என்று வேரடியில் புதைத்துவிடுகிறார்கள். மண்ணுக்குள் அந்தத் தோல் கிழிந்து நூற்புழு தானே வெளியே வரும். கரும்புக்கும் பாக்குக்கும் வாழைக்கும் இதே முறை பொருந்தும், உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் மகளிர் குழுக்களும் எடுத்துச் செய்யக்கூடிய வேலை.

எப்போது போடுவது என்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. கோடை மழை முதலில் பெய்ததும் பொழுது சாயும் நேரத்தில் வேர்ப்புழுவின் தாய் வண்டு மண்ணை விட்டு வெளியே வந்து வேம்பிலும் வேலமரத்திலும் உட்காரும். அப்போது கிளையை உலுக்கி விழுகிற வண்டைப் பொறுக்கி மண்ணெண்ணெய் கலந்த தண்ணீரில் போட வேண்டும், இதை ஊரே சேர்ந்து செய்தால் பாதி வேலை தீர்ந்தது. தப்பிய வண்டு மண்ணில் முட்டையிடும், குஞ்சுப்புழு வந்து வேரைக் கடிக்க ஆரம்பிக்கும். நூற்புழுவை அப்போதே விட வேண்டும். வேர்ப்புழு சாதாரண ஆள் இல்லை, அதன் மூச்சுத்துளைகளுக்குச் சல்லடை மாதிரி மூடி இருக்கிறது, நூற்புழு அந்த வழியில் போக முடியாது. முற்றிய புழு மண்ணுக்குள் ஆழத்துக்கும் போய்விடும். அது கொழுத்துக் கட்டைவிரல் பருமன் ஆன பிறகு, கரும்பு மஞ்சளாகிக் காய்ந்த பிறகு, ஆவணி புரட்டாசியில் நூற்புழுவை ஊற்றிவிட்டுப் பலிக்கவில்லை என்று சொல்லக் கூடாது.

ஊற்றுவது மாலை வெயில் தாழ்ந்த பிறகு மட்டுமே, ஏனென்றால் நேர் வெயில் பட்டால் சில நிமிடத்திலேயே செத்துவிடும். முன்னதாகவே வயலுக்குத் தண்ணீர் விட்டு மண் ஈரமாக இருக்க வேண்டும், ஆனால் தண்ணீர் தேங்கக் கூடாது. ஊற்றிய பிறகும் ஒரு பத்து நாள் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தெளிப்பானில் உள்ள நைஸ் சல்லடையைக் கழற்றிவிடுங்கள், அதில் மாட்டிக்கொள்ளும். டேங்கை அடிக்கடி கலக்க வேண்டும், அடியில் போய்த் தங்கிவிடும். குருணை மருந்தோ பச்சைச் சாணமோ நிறைய யூரியாவோ போட்ட கையோடு ஊற்றாதீர்கள். பூச்சியைக் கொல்லும் மெட்டாரைசியம் பூஞ்சாணத்தோடு சேர்த்துப் போடலாம், இரண்டும் ஒன்றுக்கொன்று துணையாக நிற்கும். மணல் சார்ந்த செம்மண்ணில் நன்றாக ஓடும், கெட்டியான களிமண்ணில் அந்த அளவுக்கு ஓடாது. பட்டுப்புழு வளர்க்கிறவர்கள் மல்பெரி இலையில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், பட்டுப்புழுவும் இதற்கு இரைதான்.

இதுவே எல்லாவற்றுக்கும் மருந்து என்று நான் சொல்ல வரவில்லை. வெயிலில் காய்கிற இலை மேல் இருக்கிற பூச்சிக்கு இது அவ்வளவாக உதவாது. மண்ணுக்குள்ளும் தண்டுக்குள்ளும் ஈரத்தில் மறைந்திருக்கிற பூச்சிதான் இதன் இடம். கோடை உழவையும் வண்டு பொறுக்குவதையும் விட்டுவிட்டு இதை மட்டும் நம்புவதும் சரியில்லை. ஆனால் அதனதன் இடத்தில் வைத்துப் பார்த்தால், வேர்ப்புழுவுக்கு இதைவிடப் பொருத்தமாக ஒன்றை நான் இதுவரை பார்க்கவில்லை.

அதனால் உங்கள் பத்திரிகை மூலமாக நான் கேட்பது இதுதான். ஆலை ஒட்டுண்ணி ஆய்வகங்களிலும், வேளாண் துறையின் உயிரியல் கட்டுப்பாட்டு ஆய்வகங்களிலும் நூற்புழு வளர்ப்பைத் தொடங்க அரசு உத்தரவு போட வேண்டும். கடையில் விற்கும் ஒவ்வொரு பாக்கெட்டிலும் தயாரித்த தேதியும், எத்தனை உயிருள்ள நூற்புழு என்ற எண்ணும், எந்தச் சூட்டில் வைக்க வேண்டும் என்பதும் அழியாத எழுத்தில் தமிழில் இருக்க வேண்டும், ரசாயன மருந்துக்கு மாதிரி எடுத்துச் சோதிப்பதைப் போல இதற்கும் எடுத்துச் சோதிக்க வேண்டும். கரும்பு அலுவலர்களுக்கு மேலே சொன்ன டப்பாச் சோதனையைக் கற்றுக் கொடுக்க வேண்டும், அரை மணி நேர வேலை. உங்கள் நிருபர் ஒருவரை ஒரு முறை கோவைக்கு அனுப்பி, தட்டில் நூற்புழு தண்ணீரில் இறங்குவதைப் படம் எடுத்துப் போடுங்கள், பார்த்தால்தான் எங்கள் ஆட்கள் நம்புவார்கள். கோடை மழை ஏப்ரலில் வந்துவிடும். வளர்ப்பைத் தை மாதம் தொடங்கினால்தான் வண்டு முட்டையிடும் நேரத்துக்குச் சரக்கு கையில் இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு கரும்பு விவசாயி,
சத்தியமங்கலம் வட்டாரம்